நினைவில் நிற்காவிட்டால் என்ன?

“மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கப்போகிறது? எதற்கு இந்தச் செலவு?” அக்கா தன் மகளைத் தமிழகத்துக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது நானும் அப்படித்தான் கேட்டேன். பல்கலைக்கழக விடுமுறையில் துணைக்குச் சென்ற பிறகு என் எண்ணம் மாறியது.

சிரமம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம். விமானம் தரையிறங்கும்போது காது வலித்துப் பிள்ளை வீறிட்டு அழுதாள். இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 6 மணிக்கு எழுந்து பழகியவள், அங்கே அதிகாலை 3.30க்கே என்னை விளையாட எழுப்பினாள்.

தஞ்சைப் பெரிய கோயிலில், 1010இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த விமானத்தைக் காட்டினேன். “இறக்கை எங்கே, சித்தி?” என்றாள். கருவறைக்கு மேல் எழுவது விமானம், வாயிலில் நிற்பது கோபுரம் என்று நான் படித்திருக்கிறேன். ஏன் அந்தப் பெயர் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவள் இதை மறந்துவிடலாம், நான் மறக்கமாட்டேன். குடும்பப் பயணத்தில் குழந்தையைப் பெற்றோரிடம் விட்டுவிட்டுக் கைபேசியில் மூழ்கும் நண்பர்களே, அடுத்த முறை ஒரு மணி நேரமாவது அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். அக்காவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.