60% கர்நாடகம், 40% ஜாஸ்?

மக்களே, பனியன் கழுத்தில் தைக்கிற லேபிளை இசைக்கும் தைப்பதை முதலில் நிறுத்துங்க.

கிட்டாரிஸ்ட் பிரசன்னா பேரை எடுத்தாலே எங்க கிளாஸில் இரண்டே பதில். ஒன்று, "ஓ, ஃப்யூஷனா?" இன்னொன்று, "ஐ.ஐ.டி.ல படிச்சவராமே, ஆஸ்கார் வாங்கின படத்துக்கு மியூசிக் போட்டாராமே!" ஆமாம், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்தவர்தான். 2009-இல் ஆஸ்கார் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசையமைத்தவர்தான். அதுக்கு என்ன இப்போ? பாட்டு கேட்கிறோமா, சர்டிபிகேட் சரிபார்க்கிறோமா?

2011-இல் வந்த 'தீர்த்தா' ஆல்பத்தை எடுத்துக்குங்க. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர் பியானோ, நிதின் மிட்டா தபலா, பிரசன்னா கிட்டார். மூன்றே பேர். பேஸ் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. பியானோவில் கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் சுரமே இல்லை. கிட்டாரிலோ கம்பியை இழுத்து, வழுக்கி அந்த இடைவெளியில் புகுந்துவிடலாம். ஒருத்தருக்கு முடிவது இன்னொருத்தருக்கு முடியாது. அப்புறம் எப்படிப் பேசிக்கிறாங்க? கேட்க வேண்டியது அதைத்தான். "ஃப்யூஷன்" என்று சொன்ன நிமிஷமே இந்தக் கேள்வி செத்துப்போகுது.

"எங்கெங்கேயோ போகுது, புரியலை" என்பது அடுத்த புகார். ஐயா, ஒரே வரியை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நிரவல் பாடினால் தலையாட்டுகிறோமே, அது மட்டும் எழுதிவைத்தா வருது?

டெரக் பெய்லி என்று ஒருத்தர், இங்கிலாந்துக்காரர், 2005-இல் காலமானார். மெட்டு, தாளம் எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமலே கிட்டார் வாசித்தவர். அவருடைய ரெக்கார்டுகளை இரைச்சல் என்றவர்கள் ஏராளம். அவர் 1980-இல் மனோதர்ம வாசிப்பைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது முதலில் எடுத்துக்கொண்டது நம்ம இந்திய இசையைத்தான். அவருக்கு நம் இசையைக் கேட்கப் பொறுமை இருந்தது. நமக்கு நம்ம ஆளையே கேட்கப் பொறுமை இல்லை!

நஷ்டம் பிரசன்னாவுக்கு இல்லை. இங்கே கிட்டார் எடுக்கிற பையனிடம் "சினிமா பாட்டு வாசிப்பியா?" என்று மட்டுமே கேட்கிறோம். மாட்டேன் என்றால், அவனுக்கு ஒட்ட நம்மிடம் லேபிள் இல்லை, அதனால் காதும் இல்லை.

திருப்பூர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லணுமா? பருத்தி எத்தனை சதம் என்று லேபிள் சொல்லும். துணி எப்படி என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று தடவை முழுசாக் கேளுங்க. பிடிக்கலைன்னா அப்புறம் தாராளமாத் திட்டுங்க :-)