'பிளான் ரிவைஸ் ஆகியிருக்கு சார்!' - பில்டர் மாற்றினால் ஃபிளாட் வாங்கியவர் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

ஃபிளாட் புக் செய்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். மூன்றாவது தளம் எழும்பும் நேரத்தில் பில்டர் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வரும். பிளான் ரிவைஸ் ஆகியிருக்கிறது, ஃபிளாட்டின் பரப்பளவு கொஞ்சம் கூடியிருக்கிறது, கூடுதல் தொகையை அடுத்த தவணையோடு சேர்த்துக் கட்டுங்கள் என்று நாலு வரி. பதறிப்போய் சைட்டுக்குப் போனால், குழந்தைகள் விளையாடுவதற்காக பிரோஷரில் பச்சையாகக் காட்டியிருந்த இடத்தில் இன்னொரு பிளாக்குக்குக் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

கட்டி முடிக்காத ஃபிளாட்டை வாங்கும் குடும்பங்களின் பெரிய பலவீனம், பாதியில் விலக முடியாது என்பதுதான். ஒரு பக்கம் வீட்டு வாடகை, மறுபக்கம் வங்கிக்கு வட்டி. பி.எஃப் பணம் எடுத்தாகிவிட்டது, நகை அடகில் இருக்கிறது. 'இவ்வளவு கட்டிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே' என்று கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால், இப்படி மாற்றவும் கேட்கவும் பில்டருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, அதாவது எல்லோரும் சொல்லும் 'ரெரா', இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது.

யார் சம்மதிக்க வேண்டும்?

இந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு மாற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது.

முதலாவது, ஒருவருடைய ஃபிளாட்டுக்குள் நடக்கும் மாற்றம். அறையின் அளவு, டைல்ஸ், கதவு, குழாய் என எதுவாக இருந்தாலும், அந்த ஃபிளாட்டை வாங்கியவரின் முன் சம்மதம் வேண்டும். ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினீயர் பரிந்துரைத்து, வாங்கியவருக்கு முறையாகத் தெரிவித்துச் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பரப்பளவைக் கூட்டுவதும் உயரத்தை மாற்றுவதும் 'சின்ன மாற்றம்' ஆகாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, கட்டடத்திலோ பொதுப் பகுதியிலோ செய்யும் மாற்றம். கூடுதல் தளம், புதிய பிளாக், பூங்கா இருந்த இடத்தில் கிளப் ஹவுஸ் எல்லாம் இதில் வரும். இதற்கு, ஃபிளாட் வாங்கியவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பேர் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கையை எப்படிப் போடுவது என்பது முக்கியம். 100 ஃபிளாட் உள்ள புராஜெக்டில் 60 ஃபிளாட்டை 60 பேர் வாங்கியிருந்தால், அவர்களில் 40 பேர் கையெழுத்துப் போட வேண்டும். விற்காத 40 ஃபிளாட்டும் தன்னுடையவை என்று பில்டர் அவற்றைச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஒருவரே குடும்பத்தார் பெயரில் ஐந்து ஃபிளாட் வாங்கியிருந்தாலும், சம்மதக் கணக்கில் அவர் ஒருவர்தான்.

முன்பே வாங்கிவைத்த சம்மதம்

'நீங்கள்தான் ஏற்கெனவே சம்மதம் கொடுத்துவிட்டீர்களே!' பல பில்டர்கள் சொல்லும் பதில் இதுதான். 40 பக்க ஒப்பந்தத்தில் எங்கோ ஓர் இடத்தில், பிளானில் தேவைப்படும் மாற்றங்களைச் செய்ய வாங்குபவர் இப்போதே சம்மதிக்கிறார் என்று ஒரு வரி இருக்கும். சேல்ஸ் ஆட்கள் பென்சிலில் டிக் போட்டுக் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த வரி ஞாபகத்திலேயே இருக்காது.

இப்படி மொத்தமாக எழுதி வாங்கும் சம்மதத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2010-ல் மதுவிஹார் குடியிருப்புச் சங்க வழக்கில் ஏற்கவில்லை. எந்த மாற்றம், எந்த பிளான் என்று முழுதாகத் தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் சம்மதம் என்றது. அது மகாராஷ்டிர மாநிலச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. ஆனாலும், தமிழ்நாட்டில் வாங்குவோருக்கும் அதில் பாடம் உண்டு. கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். நீக்க மறுத்தால், 14-வது பிரிவுக்கு உட்பட்டே மாற்றம் செய்யப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். அதற்கும் மறுக்கிறார் என்றால், பில்டரின் திட்டம் என்ன என்று யோசிக்க வேண்டிய நேரம் அது.

தோட்டம் இருந்த இடத்தில் இரட்டைக் கோபுரம்

மாற்றத்தை எதிர்த்தால் ஜெயிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, டெல்லியை ஒட்டிய நொய்டாவில் பதில் இருக்கிறது. அங்கே செக்டார் 93ஏ-வில் சூப்பர்டெக் நிறுவனத்தின் 'எமரால்டு கோர்ட்' குடியிருப்பு. பழைய பிளானில் தோட்டம் என்று காட்டிய பகுதியில், பிளானை மாற்றி இரண்டு பெரிய கோபுரங்களைக் கட்டத் தொடங்கியது நிறுவனம். ஏற்கெனவே குடியிருந்தவர்களின் சம்மதத்தை வாங்கவில்லை. குடியிருப்போர் சங்கம் 2012-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கோபுரங்களை இடிக்கச் சொல்லி 2014-ல் உத்தரவு வந்தது. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சம்மதம் வாங்காததையும், கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியை விடாததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2022 ஆகஸ்ட் 28 அன்று இரண்டு கோபுரங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை நாடே டி.வி-யில் பார்த்தது.

கோபுரங்களில் ஃபிளாட் புக் செய்தவர்களுக்கு 12 சதவிகித வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தரவும், சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், வழக்குத் தொடங்கியதிலிருந்து இடிப்பு வரை பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த வெற்றி ஒரு தனி ஆளுக்குக் கிடைத்ததில்லை, சங்கமாகச் சேர்ந்து நின்றவர்களுக்குக் கிடைத்தது.

45 சதுர அடி, மூன்று லட்சம் ரூபாய்

பிளான் மாறும்போது விலை எப்படி ஏறுகிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். 1,200 சதுர அடி சூப்பர் பில்ட்-அப் ஏரியா கொண்ட ஃபிளாட். சதுர அடி 6,500 ரூபாய் வீதம் 78 லட்சம் ரூபாய். ரிவைஸ்டு பிளானில் அது 1,245 சதுர அடி ஆகிறது. கூடுதலான 45 சதுர அடிக்கு 2,92,500 ரூபாய். அதற்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி 14,625 ரூபாய். மொத்தம் 3,07,125 ரூபாய்.

ஆனால், வீட்டுக்குள் ஓர் அங்குலம்கூடக் கூடியிருக்காது. லாபி, படிக்கட்டு, கிளப் ஹவுஸ் ஆகியவற்றின் பங்கை ஏற்றியதில் வந்த 45 சதுர அடி அது. இந்த விளையாட்டைத் தடுக்கத்தான் ரெரா சட்டம் 'கார்பெட் ஏரியா' என்பதை அளவுகோலாக வைத்தது. உள்சுவர்களையும் சேர்த்து, வீட்டுக்குள் உண்மையில் பயன்படும் பரப்பு அது. வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி அதில் வராது. அதனால் கூடுதல் பணம் கேட்டு மெயில் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'கார்பெட் ஏரியா எவ்வளவு கூடியது?'

சிமென்ட், கம்பி விலை ஏறிவிட்டது என்று பணம் கேட்பது இன்னொரு வகை. மத்திய வீட்டு வசதி அமைச்சகம் வகுத்த மாதிரி விற்பனை ஒப்பந்தத்தில், அரசுக் கட்டணங்கள் உயர்வதைத் தவிர வேறு காரணத்துக்காக மொத்த விலை ஏறாது என்றே இருக்கிறது. தன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவர் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கிங்கிலும் கவனம் தேவை. திறந்தவெளி பார்க்கிங் பொதுப் பகுதி என்று சட்டம் சொல்கிறது. அதைத் தனி விலை போட்டு விற்க முடியாது.

தாமதத்துக்கான வட்டியிலும் இதே ஓரவஞ்சனை உண்டு. வாங்கியவர் தாமதமாகக் கட்டினால் 18 சதவிகிதம், பில்டர் தாமதித்தால் 9 சதவிகிதம் என்றிருந்த ஓர் ஒப்பந்தத்தைப் பார்த்த உச்ச நீதிமன்றம், இப்படி ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-ல் தீர்ப்பளித்தது. ரெரா சட்டப்படியும் இரு தரப்புக்கும் வட்டி விகிதம் ஒன்றுதான்.

கோபத்தில் தவணையை நிறுத்தலாமா?

பலரும் செய்யும் தவறு இது. ஒப்பந்தப்படி தவணை கட்டுவது வாங்கியவரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. நிறுத்தினால் வட்டி ஏறும், ஒதுக்கீட்டை ரத்து செய்ய பில்டருக்கு ஒரு சாக்கும் கிடைக்கும். வங்கித் தவணை தவறினால் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும்.

வழக்கமான தவணையைக் கட்டிக்கொண்டே, கூடுதலாகக் கேட்கும் தொகைக்கு மட்டும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிப்பது பாதுகாப்பானது. வேறு வழியில்லாமல் கட்ட நேர்ந்தால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டுக் கட்டலாம். போனில் பேசியது எதுவும் பின்னால் கைகொடுக்காது.

சாவி தரும் நாளில் 'எந்தப் புகாரும் இல்லை' என்று எழுதிக் கேட்பதும் வழக்கம். பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில், தாமதத்துக்கான இழப்பீட்டைக் கைவிட்டால்தான் பத்திரம் என்று வாங்கியவரை நெருக்குவது நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது.

எங்கே போவது?

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டும் புராஜெக்டுகளும், எட்டு ஃபிளாட்டுக்கு மேல் உள்ள புராஜெக்டுகளும் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த விவரங்களை யாரும் பார்க்கலாம். பில்டர் அங்கே கொடுத்த பிளானையும் கையில் இருக்கும் பிரோஷரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். புகாரை ஆணையத்திடம் படிவம் 'எம்'-மிலும், இழப்பீடு கேட்பதாக இருந்தால் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் படிவம் 'என்'-னிலும் கொடுக்க வேண்டும். ரெரா இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடவில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்திருக்கிறது.

விளம்பரத்தையோ மாதிரி ஃபிளாட்டையோ நம்பிப் பணம் கட்டி, அதில் சொன்னது பொய் என்று தெரியவந்தால், மொத்தப் பணத்தையும் வட்டியுடன் திரும்பக் கேட்க 12-வது பிரிவு வழிசெய்கிறது. ஆகவே பிரோஷர், விளம்பரம், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் எதையும் அழித்துவிடக் கூடாது. நாளைக்கு அவைதான் சாட்சி.

இன்னும் புக் செய்யாதவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், ஃபிளாட் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்க பில்டருக்கு அனுமதி இல்லை. 78 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு அந்த எல்லை 7,80,000 ரூபாய். அதைத் தாண்டிக் கேட்டால், 'முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம்' என்று சொல்லிவிட வேண்டும். ஒப்பந்த நகலை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வாரம் வைத்துப் படிக்கலாம், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டலாம். பேரம் பேசும் பலம் வாங்குபவர் கையில் இருப்பது அந்த ஒரு வாரம்தான்.