கொட்டேஷனில் இரண்டு வரி கூடட்டும்

புதுக் கார்பெட் போட்ட வீட்டிலிருந்து முதல் புகார் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் வரும். மூலையில் வாடை அடிக்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் விளிம்பு தூக்கியிருக்கும். பிரித்தால் பசை கொழகொழவென்று கையோடு வரும். வீட்டுக்காரர் கார்பெட்டைத் திட்டுவார், கடைக்காரர் பசையைச் சொல்வார், போட்டவர் மழையைச் சொல்வார். தரை என்ன நிலையில் இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் தொழிலில் கூலி சதுர அடிக்கு. விரித்து, வெட்டி, ஒட்டி முடிக்கிற வேலைக்குத்தான் காசு. அதற்கு முன்னால் தரையைச் சோதிப்பதற்கும், பின்னால் வீட்டாருக்குப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுப்பதற்கும் கொட்டேஷனில் இடமே இல்லை. நாம் சந்திக்கும் புகார்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் விட்டதால் வருபவை. இரண்டுக்கும் தனித்தனி வரி போட்டுக் கூலி கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலில் தரை. கான்கிரீட் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்க் காற்றில் அதுவும் போதாமல் போகலாம். அடியில் ஈரத்தடுப்புத் தாள் விரிக்காமல் கட்டிய தரைத்தள வீடுகளில் மண்ணிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். மேலேறும் ஈரம் கான்கிரீட்டின் காரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். பசையை இளக்குவது அந்தக் காரம்தான். அடிப்புறம் சணல் வைத்து நெய்த கம்பளிக் கார்பெட்டானால் சணலின் நிறம் மேலேறி இழையில் பழுப்புக் கறையாகப் படியும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. 18 அங்குலச் சதுரத்தில் தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். அறை நடுவில் ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று. எடுக்கும்போது தாளின் அடியில் நீர் முத்து முத்தாக நின்றாலோ, அந்த இடத்துத் தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப்போட வேண்டும். இந்தச் சோதனை ஈரம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். இல்லை என்று உத்தரவாதம் தராது. எனவே பசை போட்டு நேரடியாக ஒட்டும் வேலைக்கு, கான்கிரீட்டில் துளையிட்டு ஈரப்பதம் அளக்கும் கருவியே நம்பகமானது. மேல்புறம் மட்டும் உலரும் தளமானால் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்தில் அளக்க வேண்டும். ஏசி அறையானால் ஏசி ஓடும் நிலையிலேயே அளக்க வேண்டும். பசை தயாரிப்பாளர் தந்துள்ள வரம்புக்குள் அளவு வந்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும்.

இதற்கு ஒரு நாள் வீணாகிறதே என்று தோன்றலாம். கார்பெட்டும் அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழக 24 மணி நேரம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இரண்டும் ஒரே நாளில் முடியும்.

சதுர அடிக் கூலியின் அவசரம் நடுவிலுள்ள வேலையையும் கெடுக்கிறது. கிரிப்பர் பட்டையில் மாட்டும் கார்பெட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 1 முதல் 1½ சதவீதம் இழுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்முறை வழிகாட்டி. 12 அடி அறைக்கு அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். முழங்காலால் இடிக்கும் கிக்கர் மட்டும் வைத்துக்கொண்டு அந்த இழுவையைக் கொண்டுவர முடியாது. பவர் ஸ்ட்ரெச்சர் வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் கார்பெட் சுருக்கம் விழுந்து அலை அலையாக நிற்கும். நம் முழங்காலும் போகும். அமெரிக்கத் தொழில்சார் ஆரோக்கிய ஆய்வு நிறுவனமான நியோஷ் 1990இல் இதுபற்றி எச்சரித்தது. அந்நாட்டு உழைப்பாளர்களில் கார்பெட் பதிப்பவர்கள் 0.06 சதவீதத்துக்கும் குறைவு. முழங்கால் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 6.2 சதவீதம் அவர்களுடையவை.

இரண்டாவது வரி ஒப்படைப்பு. வீட்டைத் துப்புரவு செய்பவரையும் அருகில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேச வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் மேல்தூசிதான் போகும். மணல் அடியில் இறங்கி இழையை அறுக்கும். அதனால் வாக்கம் கிளீனர் கட்டாயம். ஃபினாயில் தண்ணீரும் ஈர மாப்பும் கூடவே கூடாது. புதுக் கம்பளி ஆரம்பத்தில் பஞ்சு உதிர்ப்பது இயல்பு. நீட்டிக்கொண்டிருக்கும் இழையைப் பிடுங்காமல் கத்தரிக்க வேண்டும். வளைய இழையானால் பிடுங்கும்போது ஒரு வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய கறை சாம்பார். பதறிப்போய் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டது போல மஞ்சள் சிவந்துவிடும். சோப்பின் காரம் கம்பளிக்கும் ஆகாது. வெள்ளைத் துணியை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்து, சிறிது குளிர்ந்த நீர் விட்டு மறுபடி ஒற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது.

எண்ணெய் தேய்த்த தலையோடு தரையில் படுத்து டிவி பார்க்கும் வீட்டுக்குப் பாலிபுரொப்பிலீன் இழையைச் சிபாரிசு செய்யாதீர்கள்; எண்ணெய்ப் பிசுக்கை அது விடாது. 12 முதல் 18 மாதங்களுக்கு ஒருமுறை ஆழச் சுத்தம் செய்வதற்கான தேதியையும் ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வேலையும் அதிலிருந்தே வரும்.

'பக்கத்துக் காண்டிராக்டர் இந்த இரண்டு வரியும் இல்லாமல் குறைத்துப் போடுவாரே' என்பது நியாயமான கேள்வி. போடட்டும். ஒரு வீட்டில் கார்பெட்டைப் பிரித்து மறுபடி ஒட்டும் செலவு, பல வீடுகளில் கிடைத்த லாபத்தை விழுங்கிவிடும். சோதனைத் தாளின் புகைப்படமும் ஈர அளவும் கையில் இருந்தால் மழைக்காலத்தில் வரும் புகாருக்கு நம்மிடம் பதில் இருக்கும். வாடிக்கையாளர் சோதனை வேண்டாம் என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் எழுதும் கொட்டேஷன்களிலேயே தரைச் சோதனை, ஒப்படைப்பு என்று இரண்டு வரி சேர்த்து, எதிரே தொகையையும் எழுதுங்கள். பேரம் பேசும்போது சதுர அடிக் கூலியில் சற்று விட்டுக்கொடுத்தாலும் இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.