மாண்ட குரங்கும் காட்டு உண்ணியும்

அந்நாளைய மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், க்யாசனூர்க் காட்டில், 1957-ஆம் வருஷம் குரங்குகள் பல மாண்டன. சுற்றுக் கிராமத்தாரும் கடுஞ்சுரத்தால் பீடிக்கப்பட்டனர். இரண்டிற்கும் காரணம் ஒரே வைரஸ் கிருமியென்றும், அதனைப் பரப்புவது காட்டு உண்ணியென்றும் ஆராய்ச்சியில் விளங்கிற்று. திடீர்ச் சுரம், தலைநோவு, உடல்வலி, சிலருக்கு இரத்தப்போக்கு ஆகியவை இதன் குறிகளாம். பீடிக்கப்பட்டோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை மாளுகின்றனர். 2012-இல் சாமராஜநகர் ஜில்லாவில் மக்களிடத்தும், நீலகிரிக் காட்டில் குரங்குகளிடத்தும் இது காணப்பட்டமையால், ஒரு ஜில்லாவின் கவலையென்று இதனை ஒதுக்குதற்கில்லை.

குரங்கே குற்றவாளியென்பது தவறு. அதுவும் மனிதனைப் போல் நோய்க்கு இரையாவதே. குரங்கு மாண்டதும், அதன் உடலிலிருந்த உண்ணிகள் உதிர்ந்து அவ்விடத்தில் தங்குகின்றன. அவ்வழி செல்வோரைக் கடிப்பவை பெரும்பாலும் கடுகளவேயான இளம் உண்ணிகள். முதிர்ந்தவையோ காட்டில் மேயும் மாடுகளின் இரத்தத்தையுண்டு பெருகுகின்றன.

ஆதலின் மேய்ச்சலை முற்றிலும் தடுக்கவேண்டும் என்பாரும் உளர். வேறு புல்லில்லாத குடிகளுக்கு அது இயலாது. ஆயின், குரங்கு மாண்ட பக்கம் மாடு ஓட்டாதிருத்தல் யாவர்க்கும் இயலும். அதற்கு, குரங்கு மாண்ட செய்தி அன்றைக்கே தெரிதல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர் மாட்டு வியாதிக்கு அறிக்கை அனுப்புவதுபோல் இதற்கும் அனுப்புவாராயின், அவ்விடத்தைச் சுற்றி 50 மீட்டர் வரை பூச்சிமருந்து தெளிக்கவும், ஜனங்களைத் தடுக்கவும் அவகாசம் கிடைக்கும். மனிதர் படுத்தபின் அனுப்பும் அறிக்கை காலங்கடந்ததே.

நிலச்சொந்தக்காரரின் பொறுப்பும் சிறிதன்று. மலைநாட்டில் பாக்குத் தோட்டங்களுக்குக் காட்டுச் சருகும் தழையும் எருவாகின்றன. சருகு வாரும் காலமும், டிசம்பர் முதல் மே வரையுள்ள நோய்க் காலமும் ஒன்றாயிருக்கின்றன. தோட்டத்தின் பலன் ஒருவருக்கு. உண்ணிக் கடி கூலியாளுக்கு! இது நியாயமாகாது. உண்ணி அண்டாதிருக்கப் பூசும் எண்ணெயும், உடலை மூடும் உடுப்பும் தோட்டக்காரரே கொடுத்தல் வேண்டும். திரும்பியவுடன் சோப்பும் வெந்நீரும் கொண்டு குளிக்கச் செய்தல் வேண்டும். இச்செலவு ஒரு மூட்டைப் பாக்கின் விலைக்கு முன் அற்பமே.

இந்நோய்க்குத் தனிமருந்து இல்லை. முன்பு போடப்பட்டுவந்த தடுப்பூசியும் 2022-இல் நிறுத்தப்பட்டது. இந்நிலையில், மாண்ட குரங்கைக் கண்டும் காணாததுபோற் செல்லும் கிராமம், தன் கூலியாட்களின் உயிரையே அலட்சியம் செய்வதாகும்.