ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சிருக்கா பாஸ்?

ஒன்பது மணி கிளாஸுக்கு எட்டே முக்காலுக்கு எழுந்து பாத்ரூமுக்கு ஓடுறீங்க. ஷவரைத் திறந்தா ஒரு தாரை சுவத்துல, இன்னொண்ணு கதவுல, மிச்சம் மீதி சொட்டுச் சொட்டா உங்க தலையில. சோப்பு நுரைக்க மாட்டேங்குது. பக்கெட்டைச் சுத்தி வெள்ளை வளையம். போர் தண்ணியில காலம் தள்ற நமக்கெல்லாம் இது தினசரி சீரியல்தானே?

'உப்பு படிஞ்சிருச்சு'ன்னு சொல்றோம். ஆனா, அது சாப்பாட்டு உப்பு இல்லீங்க. உப்பா இருந்தா தண்ணி பட்டதுமே கரைஞ்சிருக்குமே! கொஞ்சம் சுரண்டி எடுத்து, மேல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்க. சின்னச் சின்னதா குமிழ் விட்டா, அது சுண்ணாம்பு. கெமிஸ்ட்ரி மேடம் பாஷையில கால்சியம் கார்பனேட்.

மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது அங்க இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்த்துக்கிட்டு லேசா அமிலமாகுது. போற வழியில சுக்கான் கல், பாறைன்னு கரைச்சுக் கூட்டிட்டு வருது. நம்ம வீட்ல அதைச் சூடு பண்ணினா வாயு கழண்டுக்கும், சுண்ணாம்பு அங்கேயே உட்கார்ந்துக்கும். அதனாலதான் குழாயைவிட ஹீட்டர் ராடு தடிமனா சட்டை போட்டிருக்கு. பிளஸ் டூவுல 'தற்காலிகக் கடினத்தன்மை'ன்னு மனப்பாடம் பண்ணினோமே... அதேதான்!

சரி, இதை எப்படி எடுக்கிறது? எப்படி எடுக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன். அனுபவம் பேசுது.

படிக்கும்போது தாம்பரம் பக்கம் மூணு பேரா ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். காலி பண்ற நேரம். 'பாத்ரூம் பளிச்சுன்னு இல்லைன்னா அட்வான்ஸ்ல பிடிப்பேன்'னுட்டார் ஹவுஸ் ஓனர். நான் போய் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிட்டு வந்து ஊத்தினேன். 'இன்னும் பளிச்சுனு ஆகட்டும் மச்சி'ன்னு நண்பன் அது மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினான். அவ்வளவுதான். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தா வர்றது குளோரின் வாயு. 1915-ல ஈப்ரஸ் போர்க்களத்துல ஜெர்மன் ராணுவம் திறந்துவிட்ட அதே சமாச்சாரம்! கண்ணு எரிஞ்சு, மூச்சு முட்டி மொட்டை மாடிக்கு ஓடினோம். அவனுக்கு மட்டும் இருமல் நிக்கவே இல்லை. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் மாஸ்க்கோட கிடந்தான். அவங்க அம்மாவுக்கு போன் பண்ணி என்ன சொல்றதுன்னு தெரியாம நான் வராண்டாவுல நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

இத்தனைக்கும் அஞ்சாறு எலுமிச்சம்பழத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை அது.

ஒரு பிளாஸ்டிக் கவர்ல வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊத்தி, ஷவர் தலை முங்குற மாதிரி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவினா போதும். போகலைன்னா மறுபடி ஒரு ரவுண்டு. பளபளா முலாம் பூசினதுன்னா ராத்திரி பூரா ஊற விடாதீங்க, முலாம் போயிடும். ஹீட்டர் ராடா? பிளக்கைப் பிடுங்கி, நல்லா ஆறினதும் கம்பிச் சுருளை மட்டும் ஊறப் போடுங்க. வயர் இருக்கிற தலைப்பகுதி நனையவே கூடாது. கத்தியால சுரண்டுற வீரம் வேண்டாம். உறையில கீறல் விழுந்தா தண்ணியில கரன்ட் இறங்கும்.

ஒரே ஒரு குழாய்ல மட்டும் தண்ணி கம்மியா வருதா? பிளம்பரைக் கூப்பிட்டு சுவத்தை உடைக்கிறதுக்கு முன்னாடி, குழாய் வாய்ல இருக்கிற சின்ன வலையைக் கழட்டிப் பாருங்க. முக்கால்வாசி கேஸ் அங்கதான் மாட்டும். எல்லாக் குழாயிலயும் கம்மின்னா விஷயம் டேங்க்லயோ மெயின் பைப்லயோ இருக்கு. 'தொட்டியில படிகாரம் போடு, சரியாயிடும்'னு பக்கத்து வீட்டு மாமா சொல்வார். கலங்கல் தெளியும், சுண்ணாம்பு அப்படியேதான் இருக்கும்.

நண்பன் இப்போ நல்லா இருக்கான். ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல பிடிச்ச எண்ணூறு ரூபாதான் கடைசி வரைக்கும் வரலை.