பயிற்றுநரை மாற்றச் சொல்லும் முன்

கெடா தோற்றால், ரசிகர்கள் டாருல் அமான் அரங்கத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: பயிற்றுநர் போகவேண்டும். மாமாக் கடையில் தே தாரேக் மேசைக்கு வருவதற்குள் அவருக்குப் பதில் யார் என்பதும் முடிவாகிவிடும். அலோர் ஸ்டாருக்கு இது பழகிய வழக்கு. சிந்தோக்கில் உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளும் இதில் சளைத்தவர்கள் அல்லர். எந்த நிமிடத்தில் யாரை இறக்கியிருக்கவேண்டும், நடுத்திடல் ஏன் காலியாகக் கிடந்தது என்று விடிய விடியப் பேசுவார்கள்.

பேசட்டும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கோபப்படும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. நாம் விரட்டச் சொல்லும் மனிதருக்குச் சென்ற மாதச் சம்பளம் வந்ததா?

கெடாவில் இது கிண்டலுக்குக் கேட்கும் கேள்வி அன்று. கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் புரியும். 2006-07 பருவத்தில் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடா வென்றது. 2007-08இல் மறுபடியும் அதே மூன்று. பயிற்றுநர் முகமட் அஸ்ராய் கோர் அப்துல்லா. இன்று கல்லூரியில் இருக்கும் மாணவர்கள் அப்போது கைக்குழந்தைகள். பிறந்தே இராதவர்களும் உண்டு. அவர்களின் அப்பாமார்கள் அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அணி இறங்கியது; பிரிமியர் லீக்கில் சில பருவங்களைக் கழித்தது. 2015இல் அந்த லீக்கை வென்று அணியை மேலே தூக்கி வந்தவர் தான் செங் ஹோ, முன்பு கெடாவுக்கே ஆடியவர். அதே ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 0-2 என்று தோற்றார். அவரை அப்போதே அனுப்பியிருந்தால் 2016 இறுதியாட்டம் என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அனுப்பவில்லை. அதே சிலாங்கூரோடு 1-1 என்று சமநிலை கண்டு, பெனால்டியில் 6-5 என்று கிண்ணத்தைக் கொண்டுவந்தார். 2019இல் சிங்கப்பூர்க்காரர் அய்டில் ஷாரின் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றார், 2020, 2021 இரு பருவங்களிலும் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தார்.

இவ்வளவு திறமை வந்துபோன அணி 2025-26 சூப்பர் லீக்கில் இல்லை. தோற்றுக் கீழே இறங்கியதால் அன்று. சம்பள பாக்கி சேர்ந்தது, அதற்குத் தண்டனையாகப் புள்ளிகள் பறிபோயின, கடைசியில் போட்டியில் சேர உரிமமே கிடைக்கவில்லை. எந்தப் பயிற்றுநரை வைத்திருந்தாலும், எந்த ஆட்டமுறையை வைத்து ஆடியிருந்தாலும் இதை மாற்றியிருக்க முடியாது. தோல்விக்குப் பின் "பயிற்றுநரை நீக்கு" என்று நாம் போட்ட கூச்சல் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும். ஒருவரை அனுப்பிவிட்டால் கோபம் இரண்டு வாரம் தணியும். கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள்.

பயிற்றுநர் வேலையில் அவசரத் தீர்ப்பு எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கே. ராஜகோபால். 2009 ஜனவரியில் மலேசியா சொந்த மண்ணில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றதும் தேசிய அணியின் பயிற்றுநர் பி. சத்தியநாதன் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் ராஜகோபால். அதே ஆண்டு இறுதியில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம். எல்லாரும் கொண்டாடினார்கள்.

அடுத்த ஆண்டு ஆசியான் கிண்ணப் போட்டி. 2010 டிசம்பர் 1ஆம் நாள், முதல் ஆட்டம், ஜக்கார்த்தா. இந்தோனேசியா 5, மலேசியா 1. முந்தியவரை நீக்கியதும் ஓர் ஐந்து கோல் தோல்விதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அன்றிரவு மலேசியாவில் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் ராஜகோபாலுக்கு எத்தனை பேர் கை தூக்கியிருப்பார்கள்?

அவர் அணியைக் கலைக்கவில்லை. சீ விளையாட்டில் ஆடிய இளைஞர்களையே பெரிதும் நம்பினார். கோல் கம்பத்தைக் காக்க 21 வயது கைருல் ஃபாமி வந்தார். தாய்லாந்தோடு 0-0, லாவோஸுக்கு எதிராக 5-1. அரையிறுதியில் வியட்நாமை 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில், ஐந்து கோல் போட்ட அதே இந்தோனேசியா மலேசியாவிடம் 0-3 என்று விழுந்தது. மூன்று நாள் கழித்து ஜக்கார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. 1-5க்கும் 3-0க்கும் இடையே இருந்தது 25 நாள். அந்த வெற்றி அணியில் ராஜகோபாலுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்தவர், பின்னாளில் கெடாவுக்கு மலேசியக் கிண்ணம் கொண்டுவந்த அதே தான் செங் ஹோதான்.

சத்தியநாதன் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தேசிய அணி வேண்டாமென்று அனுப்பிய அந்த மனிதர், 2010இல் கிளந்தானுக்கு அதன் முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அதே கிளந்தானை லீக் வெற்றியாளராக்கியவர் எம். கராத்து. அந்த மூன்று ஆண்டுகளில் மலேசியக் காற்பந்தின் பெரிய மேடைகளில் நின்ற பயிற்றுநர்களில் மூன்று பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். இதை நம் பள்ளிகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அதற்காகப் பயிற்றுநரை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2015 செப்டம்பரில் மலேசியா அதே சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்றபோது டோல்லா சாலே தாமே விலகினார், விலகியது சரிதான். ராஜகோபாலுக்கும் 2012 ஆசியான் கிண்ணத்தோடு ஓட்டம் நின்றது. 2013இல் அவருடைய காலம் முடிந்தது. எந்தப் பயிற்றுநரும் நிரந்தரம் இல்லை. நிரந்தரம் கேட்டு யாரும் அந்த வேலைக்கு வருவதும் இல்லை. கேள்வி வேறு: எதை வைத்து முடிவெடுக்கிறோம்? போகிறவருக்கு என்ன கொடுத்து அனுப்புகிறோம்?

இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு விசித்திரமான பதில் கிடைக்கும். அங்கே கல்லூரிக் காற்பந்து (நம் காற்பந்து அன்று, கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஒரு மதம் மாதிரி. பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநர் நிலைப்பாரா மாட்டாரா என்பதுதான் அங்குள்ள மாணவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் பருவம் முழுக்கப் பேச்சு. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்றுநரை நீக்கியது. ஒப்பந்தம் 2031 வரை இருந்தது. ஆகவே வேலை செய்யாமல் வீட்டுக்குப் போவதற்கு அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை ஏறக்குறைய 76 மில்லியன் அமெரிக்க டாலர். ஒரு பல்கலைக்கழகம் இப்படிச் செலவழிப்பது பைத்தியக்காரத்தனம் என்றே இந்தப் பக்கம் கருதுகிறது. ஆனாலும் அங்கே எழுத்தில் இருந்ததற்கு மதிப்பு இருந்தது. இங்கே வேலை செய்த மாதத்துக்கே சம்பளம் கேட்டு நிற்கவேண்டிய நிலை.

நம் மாணவர்கள் உண்மையில் என்ன செய்யலாம் என்றால், கணக்கைக் கேட்கலாம். மாநிலச் சங்கங்கள் நடத்திவந்த அணிகள் 2021 வாக்கில் தனியார் நிறுவனங்களாக மாறின. கெடா டாருல் அமான் எஃப்.சி. பிறந்ததும் அப்படித்தான். நிறுவனம் என்றால் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு இருக்கும், இயக்குநர்கள் பெயர் இருக்கும், தாக்கல் செய்த நிதிக்கணக்கு இருக்கும். சிறு கட்டணம் செலுத்தி எவரும் அவற்றை வாங்கிப் பார்க்கலாம். சிந்தோக்கில் கணக்கியல் படிக்கும் மாணவர்கள் பலர் கெடா ரசிகர்கள். வருமானம் எங்கிருந்து வருகிறது, சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது, மாநில அரசின் உதவி நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்க அவர்களுக்குத் தெரியும். ஐந்து நண்பர்கள் சேர்ந்து தங்கள் அணியின் கணக்கை ஒரு மாலை படித்தால், அடுத்த மாமாக் கடைப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். விரிவுரையாளர்கள் இதைப் பாட வேலையாகவே கொடுக்கலாம்.

நம் சமூகத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் வேரிலிருந்து முளைத்து, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை வந்த அணி, 2022 பருவத்தோடு ஆட்டத்தை விட்டே விலகியது. அதற்கும் முன்பே நம் தோட்டத்துத் திடல்கள் போய்விட்டன. பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் பால்மரத் தோட்டம் இருந்த காலத்தில் மாலை ஆனால் திடலில் பந்து உருளும். பயிற்றுநர் என்று தனியாக ஒருவர் இருக்கமாட்டார்; தோட்டத்துக் கிராணியோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். தோட்டம் துண்டாகி, வீடமைப்புப் பகுதி வந்து, சனங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது அந்த விசில்காரர்களும் இல்லாமல் போனார்கள். ராஜகோபால், சத்தியநாதன், கராத்து வரிசையில் அடுத்து யார் என்று கேட்டால் விரல்விட்டுத்தான் எண்ணவேண்டும்.

வீட்டில் பிள்ளை பயிற்றுநராகப் போகிறேன் என்றால் அம்மா சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: "அதெல்லாம் வேலையாப்பா? நாளைக்கே தூக்கிடுவாங்க." அம்மா சொல்வது பாதி சரி. தலைமைப் பயிற்றுநர் நாற்காலி சூடானது. ஆனால் அந்த ஒரு நாற்காலிக்குக் கீழே இளையோர் பயிற்றுநர், கோல்காவலர் பயிற்றுநர், உடற்பயிற்சியாளர், ஆட்டக் காணொளிகளை ஆராய்ந்து சொல்பவர், பள்ளிப் பயிற்றுநர், தனியார் பயிற்சி மையம் நடத்துபவர் என்று நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அடிப்படையான டி உரிமத்தில் தொடங்கி சி, பி, ஏ என்று ஏறி புரோ உரிமம் வரை படிகள் இருக்கின்றன. முதல் படிக்குத் தேசிய ஆட்டக்காரராக இருந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளையாட்டு அறிவியலோ உடற்கல்வியோ படிக்கும் மாணவர், படிப்போடு சேர்த்தே முதல் இரண்டு உரிமங்களுக்கு முயலலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு வாங்கும் கூடாரச் செலவில் ஒரு பகுதியை ஒரே ஒரு இளைஞரின் பயிற்சிக் கட்டணத்துக்கு ஒதுக்கினால் அந்தப் பள்ளிக்கு ஒரு பயிற்றுநர் கிடைப்பார்.

அப்படி வேலைக்குப் போகும் இளைஞருக்கு ஒன்று சொல்லவேண்டும். முதல் வேலை பெரும்பாலும் தெரிந்த அண்ணன் ஒருவர் வாய்ச்சொல்லில் கொடுப்பதாக இருக்கும்: "வாடா தம்பி, பார்த்துக்கலாம்." மரியாதை குறையாமல், சிரித்துக்கொண்டே, ஒரு தாள் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார்களா, எத்தனை மாத ஒப்பந்தம், இடையில் நிறுத்தினால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள், எதற்காக நிறுத்தலாம். ஐந்தாறு வரி போதும், இரண்டு பேர் கையெழுத்து, ஆளுக்கு ஒரு பிரதி. பயிற்றுநர்களுக்கென்று இந்நாட்டில் ஒரு சங்கம் இருக்கிறது. சத்தியநாதனே அதற்குத் தலைமை வகித்திருக்கிறார். வேலையில் சேரும் மாதத்திலேயே அதன் கதவையும் தட்டிவிடுங்கள், சம்பளம் நின்ற பிறகு அன்று.