பழைய எஞ்சினுக்கும் ஒரு பம்ப் ஒதுக்குங்கள்

மாண்புமிகு ஒன்றியப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் பக்கம் இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். மொபெட், பைக் மட்டுமல்ல. புல்வெட்டும் மெஷின், பவர் ஸ்பிரேயர், சின்ன ஜெனரேட்டர் என்று பெட்ரோலில் ஓடுவது எது பழுதானாலும் என்னிடம் வரும். பெட்ரோலில் எத்தனால் கலப்பதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை இந்தக் கலப்பால் 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சமானதாக உங்கள் அமைச்சகம் சொல்கிறது. எத்தனாலுக்குக் கரும்பு போட்டவருக்குக் காலத்தில் பணம் கைக்கு வந்தால் அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 20 விழுக்காடு எத்தனாலுக்கென்று செய்யப்படாத எஞ்சின்களுக்கு, அந்தந்த வட்டத்திலேயே, கட்டுப்படியாகும் விலையில், கலப்புக் குறைந்த பெட்ரோல் கிடைக்க வழி செய்யுங்கள்.

2003-இல் 5 விழுக்காட்டில் தொடங்கிய கலப்புத் திட்டம் 10 விழுக்காட்டைத் தொட 2022 ஜூன் ஆனது. பத்தொன்பது ஆண்டுகள். பத்திலிருந்து இருபதுக்குப் போக மூன்றே ஆண்டுகள்தான் ஆயின. 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்தீர்கள். புது வண்டிகள் 2023 ஏப்ரலிலிருந்துதான் 20 விழுக்காட்டைத் தாங்கும் பாகங்களோடு வரத் தொடங்கின. அதற்கு முன் விற்ற பல வண்டிகளின் கையேட்டில் 10 விழுக்காடு வரைக்கும் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு மொபெட் வாங்கினால் பதினைந்து, இருபது வருடம் ஓட்டுவார்கள். மீன் கூடை கட்டுகிறவர், கீரைக்கட்டு ஏற்றுகிறவர், பால் எடுக்கிறவர் எல்லாம் அதில்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் வண்டியை மாற்றும்வரை காத்திராமல் பெட்ரோல் மாறிவிட்டது.

கோளாறு எங்கே என்று தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. புகையில் உள்ள ஆக்சிஜனை உணரும் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி இதைக் கண்டுபிடித்து எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. அதன் ஜெட்டில் உள்ள துளை எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல் போகும். ஆகவே கலவையில் காற்று மிஞ்சி, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடும். காலையில் சோக் போட்டாலும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலிங்கில் நிற்காது. 2020 ஏப்ரலில் புகை அளவுக்கான பி.எஸ். 6 விதி வரும்வரை சின்ன வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர்தான். அவற்றை இன்னும் நாங்கள் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

எத்தனாலில் ஆக்டேன் அதிகம், அதனால் எஞ்சின் தட்டுவது குறையும். புது வண்டிக்கு அது நல்லதே. என்னிடம் வருகிற ஒவ்வொரு வெடித்த டியூபையும் எத்தனால் தலையில் கட்டவும் மாட்டேன். வெயிலும் வயதும் ரப்பரைத் தின்னும். ஆனால் மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்த வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அலுமினியம் அரித்த பொடி. அதன் மேல் பச்சை கலந்த பிசின் ஒன்று விரலில் ஒட்டும். ஓ-ரிங் ஊதிப்போய்த் தன் இடத்தில் மறுபடி உட்காராது. ஊசி முனையளவு துளை உள்ள பைலட் ஜெட் அடைத்திருக்கும். டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்த துருவும் கசடும் எத்தனாலில் இளகி வடிகட்டியில் வந்து சேர்ந்திருக்கும்.

தண்ணீர்தான் இதைவிடப் பெரிய தொல்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எங்களுடையது கடலோரம், உப்பு விளைகிற ஊர், ஐப்பசி கார்த்திகையில் துணி காயாது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 10 கலந்ததைவிட அதிகத் தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த எல்லை மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும். எத்தனால் கூடுதலாக இருப்பதால் இறங்குவதும் கூடுதலாக இருக்கும். ரிசர்வில் திருப்பினால் எஞ்சின் இழுப்பது அதைத்தான். நாலு ஸ்ட்ரோக் வண்டி அப்போது நின்றுபோகும், அவ்வளவோடு சரி. இரண்டு ஸ்ட்ரோக்கில் கதை வேறு. அங்கே பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. அந்த ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும், அடியில் இறங்கிய எத்தனால் தண்ணீரில் கரையாது. அதை இழுத்து எஞ்சின் ஓடினால் மசகு இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய மொபெட்டுகளும், தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெஷினில் பெரும்பாலானவையும், பவர் ஸ்பிரேயரில் பலவும் இரண்டு ஸ்ட்ரோக்தான்.

ஐயா, இந்த மெஷின்களைத்தான் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2025 ஆகஸ்டில் உங்கள் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது: பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று. ஸ்பிரேயருக்குக் கிலோமீட்டர் கணக்குக் கிடையாது. நடவு முடிந்து நாலு நாள் மருந்து அடித்தால், அடுத்த போகம் வரை தொட்டியில் மிச்சம் உள்ள பெட்ரோலோடு கொட்டகையில் தொங்கும். 2018-இல் கஜா புயல் அடித்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்த பிறகு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி மூலையில் வைத்த வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. அடுத்த புயல் இரவில் கயிற்றை இழுத்தால் அது ஓட வேண்டும். ஓடாமல் கெடுவதுதான் இந்த மெஷின்களின் நோய். புல்வெட்டும் மெஷினின் கார்புரேட்டரில் மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று உண்டு, டயாஃப்ரம் என்போம். அது விறைத்துப்போனால் மெஷின் படுத்துவிடும். அதை நாள்கூலிக்கு ஓட்டுகிறவருக்குப் பாகத்தின் விலையைவிட வேலை கெட்ட நாளின் இழப்புதான் பெரிது.

மைலேஜ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கணக்கு உங்களிடமே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21. பழைய வண்டிகளில் 3 முதல் 6 விழுக்காடு குறையும் என்று உங்கள் விளக்கமே ஒப்புக்கொள்கிறது. தினம் ஒரு லிட்டர், நூறு ரூபாய்க்குப் போடுகிறவருக்கு அது வருடத்துக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். மைலேஜ் குறைவை ஈடுகட்ட விலையில் சலுகை வேண்டும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே பரிந்துரைத்தது. அப்போது எத்தனால் மலிவு, 2025-இல் லிட்டர் 71 ரூபாயைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். உங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் குறைந்த ஆற்றலுக்குப் பழைய விலையையே கொடுப்பவர்களில் புது வண்டி வாங்க வழியில்லாதவரும் இருக்கிறார்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் வேண்டுவோர் 100 ஆக்டேன் வாங்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அது பெருநகரங்களில் சில பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது, விலை சாதாரணப் பெட்ரோலைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். எங்கள் ஊர்க்காரருக்கு அது பதிலாகாது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே முடிவு இனி உங்கள் கையில்தான்.

பிரேசிலைப் பாருங்கள் என்பீர்கள். 1975-இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய நாடு அது. எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003 முதல் அங்கே விற்பனையில் உள்ளன. அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் நமக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டன் 2021-இல் 10 விழுக்காட்டுக்கு மாறியபோதே, பழைய வண்டிகளுக்காக 5 விழுக்காட்டுப் பெட்ரோலைத் தனியாக வைத்தது; எந்த வண்டிக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க அரசே இணையதளம் திறந்தது. அமெரிக்காவில் 15 விழுக்காடு கலந்ததை பைக்கிலும் படகிலும் புல்வெட்டும் எஞ்சினிலும் ஊற்றக் கூடாது என்பது சட்டம், பம்பிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். நமது பங்குகளில் எத்தனை விழுக்காடு கலந்திருக்கிறது என்று சாதாரண மனிதர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுத என்ன தடை? பட்டறையில் நான் அளவுக் குழாயில் 90 மில்லி பெட்ரோலோடு 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் காட்டுவதுண்டு. எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்து, அடி அடுக்கு 28 மில்லிக்கு அருகில் வந்து நிற்கும். இது தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று கோபப்பட்டவரும் அப்போதுதான் விஷயம் புரிந்து அமைதியாவார். இதைச் சொல்ல ஒரு பலகை போதும்.

வட்டத்துக்கு ஒரு பங்கிலாவது, ஒரே ஒரு பம்பிலாவது, 10 விழுக்காட்டுக்கு மேற்படாத பெட்ரோலை வழக்கமான விலைக்குத் தாருங்கள். கார்புரேட்டர் வண்டிகளுக்குத் தாங்கும் ரப்பர் பாகங்களும் சற்றுப் பெரிய ஜெட்டும் சேர்ந்த தொகுப்பை, பழைய மாடல்களுக்கும் சேர்த்து, கம்பெனிகள் கடைக்கு அனுப்பும்படி செய்யுங்கள். அடுத்து 27, 30 விழுக்காடு என்று பேச்சு வருகிறது. அதற்கு முன் புனேயில் உள்ளது போன்ற சோதனைக் கூடங்களில் ஒரு பழைய மொபெட்டையும் ஒரு ஸ்பிரேயரையும் ஒரு புல்வெட்டும் மெஷினையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டினால் மட்டும் போதாது, பெட்ரோலோடு நான்கைந்து மாதம் ஈரக் காற்றில் நிறுத்தி வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். முடிவைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வெளியிடுங்கள். பட்டறைக்காரர்கள் நாங்கள் படித்துப் பார்த்து, வருகிறவர்களுக்குச் சரியானதைச் சொல்வோம்.

இப்படிக்கு,
இரு சக்கர வண்டிப் பட்டறைக்காரர் ஒருவர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்